போர்ச்சுக்கு ரேக்கா, பெட்டியா, அலமாரியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்குக் கதவு போட்ட கராஜ் எல்லாம் கிடையாது. கார் நிற்கும் போர்ச்தான் ஸ்டோர், பட்டறை எல்லாம். மழை சாய்த்து அடித்தால் பாதித் தரை நனையும். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் தோட்டத்துச் சாமான் எங்களை விடவில்லை: அப்பாவின் பால் வெட்டும் கத்தி, பாராங் என்கிற வெட்டுக்கத்தி, சங்கோல் என்கிற மண்வெட்டி, மருந்தடிக்கும் பம்பு, புல் வெட்டும் மெஷின், தம்பி செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் நீளக் கம்பு. இதோடு அம்மாவின் தீபாவளி அண்டாவும் முறுக்கு உரலும்.

முதலில் வாங்கியது மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள். பார்க்க அழகுதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் வேண்டிய சாமான் எப்போதும் அடிப்பெட்டியில்தான் இருந்தது. "பொட்டிக்குள்ள போட்டு மூடிட்டா யாருடா தேடுறது?" என்று அப்பா ஒரே வாரத்தில் கேட்டுவிட்டார். அதைவிடப் பெரிய குறை ஈரம். சரியாகக் காயாத அண்டாவை உள்ளே வைத்து இறுக்கி மூடினால் பூசணம்தான் பிடிக்கும். வெயில் நேராக விழும் பக்கம் வைத்த பெட்டியின் மூடி நாளாக ஆக வெளுத்து, தொட்டால் நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். கோலப்பொடி, அலங்கார விளக்கு, பிள்ளைகளின் பழைய புத்தகம் என்று காய்ந்த, லேசான சாமானுக்குப் பெட்டி போதும். அதுவும் நிழலில், இரண்டுக்கு மேல் அடுக்காமல்.

மர அலமாரியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் ஊதும், ஊதியது திரும்ப அடங்காது. பால்மரக் கட்டையில் செய்ததாவது தாங்குமா என்றால், மருந்து ஏற்றாத பால்மரம் பூச்சிக்கும் பூசணத்துக்கும் விருந்து. வாழ்நாளெல்லாம் அந்த மரத்தில் பால் வெட்டிய மனிதரிடம் கேட்டிருந்தால் அந்தக் காசு மிச்சமாகியிருக்கும். தரைவெடிப்பு வழியே மண்குழாய் கட்டிக்கொண்டு கறையான் ஏறியது. நான் பின்பலகையைத் தட்டிப் பார்த்த அன்று அது வெறும் தோலாக இருந்தது.

மிஞ்சுவது இரும்பு ரேக். இதில் இரண்டு ஜாதி. ஒன்று, ஓட்டை போட்ட சட்டத்தை நட்டு போல்ட்டு வைத்து முடுக்குவது. இன்னொன்று, நட்டே இல்லாமல் சுத்தியலால் தட்டிப் பொருத்துவது. இரண்டாவதைக் கால் மணி நேரத்தில் நிறுத்திவிடலாம், வீடு மாறினால் கழற்றிக் கொண்டுபோகலாம். ஆனால் மலிவான ரேக்கில் தட்டாக வருவது பெரும்பாலும் அதே மரத்தூள் பலகைதான். கால் இரும்பு, தட்டு ஊதுகிற பலகை என்றால் போர்ச்சில் என்ன பயன்? கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகரத் தட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய போல்ட்டு ரேக்கில் தட்டுகளின் உயரத்தை இஷ்டப்படி மாற்றலாம், ஆடாது. சட்டத்தை அறுத்த முனையில்தான் துரு தொடங்கும். அங்கே மட்டும் இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்துவிட வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான்.

ரேக்கின் அட்டைப்பெட்டியில் ஒரு தட்டுக்கு இத்தனை கிலோ என்று போட்டிருப்பது, பாரம் தட்டு முழுக்கப் பரவி, தரை மட்டமாக இருந்தால்தான். 18 லிட்டர் பெயிண்ட் டின் ஒன்றே 20 கிலோவைத் தாண்டும். அதை நடுத்தட்டில் தனியாக வைத்தால் தட்டு வளையும். டின்கள் அடித்தட்டில், ஓரத்தில் இருக்கட்டும். அதோடு, தண்ணீர் வெளியே ஓடுவதற்காக எல்லாப் போர்ச் தரையும் கேட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இதை நான் கவனிக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ரேக் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றது. கேட்டுப் பக்கக் கால்களுக்கு அடியில் தகரத் துண்டு கொடுத்து மட்டம் பார்த்தேன். மேல்தட்டைச் சுவரோடு சேர்த்து முடுக்கிய பிறகுதான் மனசு ஆறியது.

சுவரில் மாட்டும் கொக்கியும் கம்பித் தாங்கியும் ரேக்குக்குப் போட்டி இல்லை, துணை. பாராங், சங்கோல், மெஷின் எல்லாம் தரையை விட்டு ஏறியதும் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் கிடைத்தது. துளை போடும்போது ஸ்க்ரூவைப் பிடிக்கும் ப்ளக் வெறும் பூச்சோடு நின்றுவிடாமல் செங்கல் வரை போக வேண்டும். இல்லையென்றால் சங்கோலோடு பூச்சும் கையோடு வரும். நடுச்சுவர் பக்கத்து வீட்டுக்கும் சொந்தம், அதனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "மத்தியானம் மட்டும் போடாத தம்பி, தூங்கணும்," என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். குலை வெட்டும் அலுமினியக் கம்பைச் சுவரோடு படுக்கையாகத்தான் போட்டிருக்கிறோம். நிமிர்த்தினால் மின்கம்பியைத் தொடுகிற நீளம்; அலுமினியம் மின்சாரத்தை அப்படியே கடத்தும்.

கூரையிலிருந்து தொங்கவிடும் தட்டை நான் வாங்கவே இல்லை. எங்கள் போர்ச் கூரை காருக்கு நிழல் கொடுக்கப் போட்டது, பாரம் தூக்கப் போட்டதில்லை.

களைக்கொல்லி இந்த எதிலும் சேராது. பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மிச்சம் வைத்த பழைய போத்தல் எந்த வீட்டு மூலையில் கிடக்கிறதோ. மற்ற மருந்துகளுக்கும் பூட்டுப் போட்ட தகரப் பெட்டிதான் சரி, அதுவும் வாங்கிய போத்தலிலேயே. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் தோட்டத்தோடு ஒழியட்டும். பழைய இரும்புக் கடையில் ஆபிஸ் லாக்கர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. சாவி இப்போது அம்மாவின் முந்தானையில் இருக்கிறது. மெஷினுக்கு ஊற்றும் பெட்ரோலை மட்டும் அம்மா அதற்குள் விடவில்லை. அது வெளிச்சுவர் ஓரம், நிழலில், அடுப்புக்கு எட்டாத இடத்தில்.