சூடான எஞ்சினைக் காட்டி விற்கும் பழைய டோசர்கள்: உஷார்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பழைய டி80 டோசர் (மண்ணைத் தள்ளி நிலத்தைச் சமன் செய்யும் வண்டி) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மத்தியானம் வரச் சொல்கிறார்கள். அதற்குள் வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பார்கள். நம் கண்முன்னே ஒரே தட்டில் பிடித்துக்கொள்ளும். பணம் கைமாறிய பிறகுதான் விஷயம் தெரியும்.

தளி பக்கம் நிலம் சமன் செய்யும் வேலை கையில் இருந்ததால் கிருஷ்ணகிரிக்கு வெளியே பழைய வண்டி விற்கும் ஒரு யார்டில் பெமல் கம்பெனி டி80 ஒன்றைப் பார்த்தேன். புதுப் பெயின்ட், செயின் சுமார். எஞ்சினைப் பற்றிக் கேட்டேன். "போன வருஷம்தான் போர் வேலை முடிச்சோம், கை வைக்கவே வேணாம் சார்" என்றார் விற்றவர். போர் வேலை என்றால் எஞ்சின் சிலிண்டரின் தேய்மானத்தைச் சரிசெய்து பிஸ்டன், ரிங் மாற்றுவது. பாக்கித் தொகை முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகே டிரெய்லரில் ஏற்ற விட்டார்.

ஓசூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தளியில் மார்கழி விடியற்காலை பல் கிட்டும். வண்டி முக்கி முக்கிச் சுற்றியது, சைலன்ஸரில் வெள்ளைப் புகை வந்தது, பிடிக்கவே இல்லை. பேட்டரி இரண்டையும் மாற்றினோம். அதே கதைதான். ஆபரேட்டர் டிப்ஸ்டிக்கை உருவினார். ஆயில் தேன் மாதிரி இழை இழையாக இறங்கியது. அப்புறம் ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையை நிறுத்தினார். பென்சில் பருமனில் துளை போட்டு, ஒரு போல்ட்டால் அடைத்து, மேலே கிரீஸ் அப்பியிருந்தார்கள். "அண்ணா, இது ஸ்ப்ரே குடிச்ச வண்டிண்ணா" என்றார்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்குகிற நெருக்கில் வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் காற்று கசிந்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்வரை அது வெளியே தெரியாது, குளிரில்தான் காட்டிக்கொடுக்கும். ஆயில் பிரஷர் மீட்டர் இறங்காமலிருக்கக் கெட்டி ஆயில் ஊற்றினால் வண்டி இன்னும் மெதுவாகத்தான் சுற்றும். பிடிக்காத எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றுக் குழாயில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயோ 160, 180 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து ரிங்கை உடைக்கும். நம் ஊர்க் குளிர் லடாக் குளிர் இல்லை. நல்ல டோசருக்கு இங்கே ஸ்ப்ரே தேவையே இல்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். "பழைய வண்டி, குளிருக்கு அப்படித்தான் சார் இருக்கும். ஒரு ஸ்ப்ரே வாங்கி வச்சுக்குங்க" என்று வைத்துவிட்டார். எஞ்சினைப் பிரித்தால் இரண்டு பிஸ்டனில் ரிங் துண்டு துண்டாக இருந்தது, பிஸ்டன் ஓடும் லைனரில் ஆழமான கோடுகள். போர் வேலை நடந்த சுவடே இல்லை. ஒரு சீசன் வேலை கையைவிட்டுப் போனது.

வண்டி பார்க்கப் போனால் முந்தின நாள் சாயங்காலமே ஊருக்குப் போய்த் தங்கிவிடுங்கள். விடியும் முன் சொல்லாமல் யார்டுக்குப் போய் முதலில் எஞ்சின் பிளாக்கில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குபுகுபு என வந்தால் ரிங் போச்சு. எஞ்சின் வேலை செய்ததாகச் சொன்னால் பில் கேளுங்கள், சொன்னதை எழுதி வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது. சுயதொழில் செய்து பிழைக்கவே வாங்கியதென்று நிரூபித்தால்தான் வழி உண்டு.

அதே யார்டில் இன்னொரு டி80 புதுப் பெயின்ட்டோடு நிற்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் குழாயைத் துடைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.