வயதானால் வரும் மருக்கள்: உறைய வைப்பதா, சுரண்டி எடுப்பதா, விட்டுவிடுவதா?

அம்மாவின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று இருந்தது. பழுப்பு நிறம், மேலே சொரசொரப்பு. மெழுகு சொட்டி அப்படியே காய்ந்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும் போலத் தோன்றும். வீட்டில் எல்லாரும் மரு என்றோம். மருத்துவர்கள் சொல்லும் பெயர் செபோரிக் கெரட்டோசிஸ். 40, 50 வயதைத் தாண்டியவர்களிடம் மிகச் சாதாரணம். தோலின் மேலடுக்குச் செல்கள் பெருகுவதால் வருவது. ஒட்டுவாரொட்டி இல்லை, புற்றுநோயாகவும் மாறாது.

அதனால் சும்மா விட்டுவிடுவதில் எந்தத் தவறும் இல்லை. உள்ளாடைப் பட்டை உரசி, அரித்து, ரத்தம் கசிய ஆரம்பித்தால்தான் சிக்கல். அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது.

எடுப்பதென்றால் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது உறைய வைக்கும் முறை. மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனைச் சில விநாடிகள் பீய்ச்சுவார்கள். மரத்துப்போக ஊசி வேண்டாம், ஒரே நாளில் பலவற்றை முடிக்கலாம். கொப்புளம் வந்து, பொருக்குக் கட்டி, ஓரிரு வாரத்தில் உதிரும். தடிமனாக இருந்தால் மறுபடியும் போக வேண்டிவரும். ஆனால் நிறமி தரும் செல்கள் மற்ற தோல் செல்களைவிடக் குளிரைத் தாங்காதவை. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மரு போன இடத்தில் வெள்ளைத் திட்டு விழலாம், சிலருக்கு அது மாறுவதே இல்லை. இன்னொன்று, பரிசோதனைக்கு அனுப்ப ஒரு துணுக்குகூட மிஞ்சாது.

சுரண்டி எடுப்பதில் ஊசி உண்டு, கொஞ்சம் ரத்தமும் வரும். வளைய முனை கொண்ட சின்னக் கருவியால் வழித்தெடுப்பார்கள். வளர்ச்சி மேலடுக்கோடு நின்றுவிடுவதால் தையல் போட வேண்டியதில்லை. எடுத்த சதை ஆய்வகத்துக்குப் போகும். உடம்பில் இருக்கும் தடித்த மருவுக்கு நான் இதைத்தான் சொல்வேன், சந்தேகம் துளி இருந்தாலும் இதுதான்.

முகத்தில் பொட்டுப் பொட்டாக வரும் கறுப்பு மருக்களுக்குக் மின்சூடு, அதாவது மின்சாரம் பாயும் ஊசி முனையால் லேசாகக் கருக்குவது, குறைந்த அளவில் பொருத்தம். கருந்தழும்பு வருகிறதா என்று ஓரத்தில் ஒன்றிரண்டை மட்டும் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தில் தொங்கும் மருவென்றால் மருத்துவர் கத்தரியால் நறுக்கிவிடுவார், நொடி வேலை.

அப்புறம் இந்தக் களிம்புகள். அமெரிக்காவில் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்துக்கு 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது, 2019இல் நிறுவனமே விற்பனையை நிறுத்திவிட்டது. அதுகூட மருத்துவர் கையால் பூச வேண்டியது. வீட்டில் அமிலம் வைத்துச் சுடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். புண் ஆறிவிடும். ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் சில சமயம் அச்சு அசலாக இந்த மருவைப் போலவே இருக்கும். மேலே இருப்பதைச் சுட்டுவிட்டு அடியில் இருப்பதை வளரவிடுவது உயிருக்கே ஆபத்து. நிறம் திட்டுத்திட்டாக இருந்தாலோ, சட்டென்று பெரிதானாலோ, தானாக ரத்தம் வந்தாலோ, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவியை வைத்துப் பார்க்காமல் எந்த முறைக்கும் சம்மதிக்க வேண்டாம். குறுகிய காலத்தில் கூட்டமாக முளைத்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அம்மாவுக்குச் சுரண்டித்தான் எடுத்தோம். சாதாரண மருதான் என்று ஆய்வகத்திலிருந்து தாள் வந்த அன்றுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். பக்கத்தில் இருந்த மற்ற மூன்றையும் நாங்கள் தொடவில்லை.