முழுப் பணமும் கட்டியாச்சு, பிரஷர் பார்க்க ஆளில்லை: ஆன்லைன் கர்ப்பகாலப் பேக்கேஜ் பற்றி ஓர் எச்சரிக்கை

மூன்றாம் மாதத்திலேயே முழுப் பணத்தையும் யுபிஐயில் வாங்கிவிடுகிறார்கள். "பிரசவம் வரைக்கும் உங்களுக்கென்று ஒரு மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற செவிலியர்), 24 மணி நேரமும்" என்பதுதான் விளம்பரம். அதை நம்பிச் சேர்ந்த பெண் எட்டாம் மாதத்தில் தலைவலியோடும் முகவீக்கத்தோடும் பிரசவ வார்டுக்கு வரும்போது கையில் இருப்பது ஒரு டயட் சார்ட், நாலு யோகா வீடியோ லிங்க், போன் நிறைய வாட்ஸ்அப் செய்திகள். பிரஷர் எழுதிய தாள் கிடையாது. வயிறு அளந்த குறிப்பு கிடையாது. ரத்த வகைகூட அவர் வாயால் சொன்னால்தான் தெரியும். சேவையின் பெயரை எழுதவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் சுத்தம் என்று ஆகிவிடும்.

எங்கே ஏமாற்று என்று புரிய, மாத செக்கப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேச்சு பாதிதான். மீதி முழுக்கக் கையால் செய்கிற வேலை: எடை, பிரஷர், சிறுநீரில் புரதம், வயிற்றின் உயரம், குழந்தை கிடக்கும் நிலை, துடிப்பு. வீடியோவில் பேச்சு மட்டும்தான் வரும். அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. "இனி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம்" என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

பிரஷரில்தான் அதிகம் கெடுகிறது. பேக்கேஜோடு மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் வருகிறது. கையை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் அதில் அளவு மாறும். வீட்டில் பார்ப்பதானால் மேல்கையில் கட்டும் மெஷின்தான் வேண்டும், பட்டையும் கைப் பருமனுக்குப் பொருந்த வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் பாருங்கள். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் எது எட்டினாலும் 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 160 அல்லது 110 வந்தால் உடனே கிளம்ப வேண்டும். கால் வீக்கம் பலருக்கும் வரும். ஆனால் முகமும் கையும் வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ அது வலிப்பு வரைக்கும் போகக்கூடியது. இப்படிக் கேட்ட கேள்விக்கு "தண்ணீர் நிறைய குடிங்க, இடது பக்கம் படுங்க சிஸ்டர்" என்று பதில் வந்த சாட்டைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பதில் போட்டவர் மிட்வைஃபே இல்லை. எழுதிக் கொடுத்த பதிலை ஒட்டுகிற வேலையாள்.

வயிறு அளப்பதும் அப்படித்தான். 24-வது வாரத்துக்குப் பிறகு, அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ, ஏறக்குறைய அத்தனை வாரம். 32 வாரத்தில் 28 மட்டும் இருந்தால் குழந்தை வளர்கிறதா, தண்ணீர் குறைவா என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். உச்சி எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். கேமரா முன்னால் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி "வயிறு நல்லா இருக்கு" என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

பெட்டியில் ஒரு டாப்ளரும் வரும். வீட்டிலேயே துடிப்பு கேட்கலாம் என்பார்கள். பழக்கமில்லாத கையில் அது அம்மாவின் நாடியையோ நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டத்தையோ பிடிக்கும், அதைக் குழந்தை என்று நினைத்து நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. அசைவு குறைந்ததாகத் தோன்றினால் டாப்ளரைத் தொடவே தொடாதீர்கள். சாட்டில் பதிலுக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே நேரில் போய்க் காட்டுங்கள், ராத்திரியானாலும் சரி.

ரிப்போர்ட் பார்ப்பதையாவது ஆன்லைனில் ஒழுங்காகச் செய்யலாம். அதிலும் கோட்டை விடுகிறார்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9 என்று வந்த ரிப்போர்ட்டுக்குப் பேரீச்சம்பழம் மருந்தாகாது. இரும்புச்சத்து மாத்திரையைக் கூட்ட வேண்டும், மாதம் ஏறியிருந்தால் ஊசி வழியாக ஏற்ற வேண்டியும் வரலாம். 7-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். (இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். டீயோடும் வேண்டாம். இந்தச் சின்ன விஷயம்கூட அந்த டயட் சார்ட்டில் இல்லை.) சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்தால் போதாது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் செக்கப்பில் ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. ரத்த வகை நெகட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்தை அம்மாவின் உடல் எதிர்க்கத் தொடங்காமல் இருக்க), குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும். ரிப்போர்ட்டை அப்லோட் செய்தாயிற்று, "எல்லாம் ஓகே" என்று பச்சை டிக்கும் வந்தாயிற்று, ஊசி பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றால் அடுத்த குழந்தையின் உயிரையே பணயம் வைத்ததாகும்.

தமிழ்நாட்டில் இன்னொரு இழப்பும் உண்டு. கர்ப்பம் உறுதியானதும் பிக்மியில் (அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளம்) பதிந்து 12 இலக்க ஆர்சிஎச் எண் வாங்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அதைக் கேட்பார்கள். 102-க்குப் போன் செய்யலாம், அல்லது உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய், 12 வாரத்துக்குள் பதிவதைத்தான் எதிர்பார்க்கிறது. "எங்கள் ஆப்பில் பதிவு பண்ணியாச்சு" என்பதை அரசுப் பதிவு என்று நினைத்து அந்தத் தேதியைத் தவறவிடுகிறார்கள்.

எட்டாம் மாதத்தில் வீட்டுப் பிரசவம் என்று கூடுதல் பேக்கேஜ் பேசுவார்கள். வீடியோ காலில் கூடவே இருப்பார்களாம். பிரசவ அறையில் குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறார்கள், கர்ப்பப்பை இறுகி ரத்தம் நிற்பதற்காக. நஞ்சுக்கொடி உள்ளே தங்கிவிட்டாலோ கர்ப்பப்பை தளர்ந்தாலோ நிமிடக் கணக்கில் ரத்தம் கொட்டும். 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் இறந்தது இப்படித்தான். போனில் இருப்பவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அவர் கை அங்கே இல்லை. இந்தப் பேச்சை எடுத்தாலே அந்த ஆளை விட்டு விலகுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஆளை விசாரியுங்கள். டாக்டர் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி மருந்துச்சீட்டிலும் ரசீதிலும் அந்த எண் இருந்தாக வேண்டும். நர்ஸ், மிட்வைஃப் என்றால் மாநில நர்சிங் கவுன்சிலில் ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்), ஆர்எம் (பதிவு பெற்ற மிட்வைஃப்) பதிவு இருக்க வேண்டும். டூலா (பிரசவத்தின்போது துணைக்கு இருப்பவர்), பர்த் கோச் என்பதெல்லாம் பயிற்சிச் சான்றிதழ்தான், உரிமம் இல்லை. முதுகு பிடித்துவிட, தைரியம் சொல்ல அவர்கள் வேண்டும். மாத்திரை சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை. "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று மழுப்பி எண் தராத இடத்தில் கட்டாதீர்கள். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் யாரோ ஒருவர் பெயருக்குப் போகிறதா என்றும் பாருங்கள்.

ஆன்லைனே ஆகாது என்று சொல்லவில்லை. வாந்தி, மலச்சிக்கல், தூக்கம், பயம், பிரசவத்துக்கான தயாரிப்பு, பால் கொடுக்கும் நிலை, இதற்கெல்லாம் ஒரு நல்ல மிட்வைஃபிடம் வீடியோவில் பேசுவது பெரிய உதவி. டாக்டரிடம் கேட்க அரசின் ஆன்லைன் மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி இலவசமாகவே இருக்கிறது. எதுவானாலும் நேரில் பார்க்கும் செக்கப் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதற்குக் காசில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சாட், விளம்பரம், யுபிஐ ரசீது மூன்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர்கள் செய்திகளையும் விளம்பரத்தையும் அழித்துவிட்டால் ஆதாரம் மிஞ்சாது. எந்தச் சேவை வரவில்லை என்று தேதியோடு எழுதி மெயில் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. ஆளே போலி, போனும் அணைந்துவிட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

பணம் பின்னால் வரட்டும். இந்த வாரமே எல்லா ரிப்போர்ட்டையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய் தாய் சேய் நல அட்டை போடுங்கள். பிரஷர், எடை, வயிற்றின் உயரம் மூன்றையும் அதில் எழுதி வாங்குங்கள். நெகட்டிவ் ரத்த வகை என்றால், வரிசையில் நிற்கும்போதே நர்சம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.