டெட்ஸ்கி டோமா, வளர்ப்புக் குடும்பமா? ஜார்ஜியா கதை

சோவியத் காலத்துல புள்ளைய வீட்ல வச்சு பாக்க முடியலன்னா போற இடம் டெட்ஸ்கி டோம்தான், அதாவது குழந்தைகள் இல்லம், பெரிய பில்டிங், வரிசையா கட்டில், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் மாறுற ஆயாக்கள். சோறு, துணி, டாக்டர்லாம் கிடைச்சிடும், ஆனா அழுதா ஓடிவந்து தூக்க இன்னார்னு ஒரு ஆள் கிடையாது. இதுல கொடுமை என்னன்னா அங்க இருந்த பாதி கூட்டத்துக்கு மேல அப்பாவோ அம்மாவோ உயிரோடதான் இருந்தாங்க, வறுமை, குடி, இல்ல புள்ளைக்கு உடல் குறைபாடு, அவ்ளோதான் காரணம்.

2005 வாக்குல, சோவியத்ல இருந்து பிரிஞ்ச ஜார்ஜியா நாட்டுல சுமார் 5,000 புள்ளைங்க இப்படி. அப்புறம் ஒவ்வொண்ணா மூடி, முடிஞ்சா சொந்த வீட்டுக்கே, இல்லன்னா அரசு காசு குடுக்கற வளர்ப்புக் குடும்பத்துக்கு, அதுவும் அமையலன்னா எட்டு பத்து பேர் இருக்கற சின்ன வீட்டுக்குன்னு அனுப்புனாங்க. என் ஓட்டு இதுக்குத்தான்.

ஆனா வீடு வீடா போய் பாக்க சோஷியல் வொர்க்கர் நிறைய வேணுமே, 2018ல அவங்களே வேலைப்பளு தாங்காம ஸ்ட்ரைக் பண்ணாங்க. அதுக்காக பழசு பெட்டர்னு சொல்லிடாதீங்க, அதே பழைய மாதிரி சர்ச் நடத்துன நினோட்ஸ்மிண்டா குழந்தைகள் விடுதி 2021ல மக்கள் உரிமை ஆணையரோட ஆளுங்களையே உள்ள விடல.