லாக் போட்டாலும் உள்ளே வருகிறார்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சர்வர் அட்மின் வேலைக்குச் சேர்ந்த நண்பர் கேட்டார்: "நீண்ட லீவில் போகிறவரின் அக்கவுண்டை டெலீட் பண்ணாமல் எப்படி நிறுத்திவைக்கிறீர்கள்?" வாட்ஸ்அப்பில் முடிகிற பதில் இல்லை இது. எங்கள் பீன்யா ஆபீஸில் இருப்பது ஒரே ஒரு உபுண்டு லினக்ஸ் சர்வர். டிசைன் ஆட்கள் எல்லாரும் அதில்தான் சிமுலேஷன் ஓட்டுகிறார்கள்.

அக்கவுண்டை மாற்றும் யூசர்மாட் (usermod) கட்டளையோடு மைனஸ் பெரிய எல் (-L) போட்டால் லாக், அதாவது பூட்டு. அது செய்வதெல்லாம், பாஸ்வேர்ட் விவரம் இருக்கும் ஷேடோ ஃபைலில், ஹேஷுக்கு (உருமாற்றி வைத்த பாஸ்வேர்டுக்கு) முன்னால் ஓர் ஆச்சரியக்குறி வைப்பதுதான். பாஸ்வேர்ட் செல்லாது, சரி. ஆனால் எங்கள் ஆபீஸில் யார் பாஸ்வேர்ட் அடிக்கிறார்கள்? எல்லாரிடமும் பாஸ்வேர்ட் இல்லாமலே வெளியிலிருந்து உள்ளே விடும் எஸ்எஸ்ஹெச் கீ (SSH key) இருக்கிறது. லாக் ஆன ஆள் ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு ஜம்மென்று உள்ளே வருகிறார். மேனுவலே இதை ஒப்புக்கொள்கிறது. முழுசாக நிறுத்த, காலாவதித் தேதியை 1 என்று வை என்கிறது. நாள்களை 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணுவதால், அதாவது 1970 ஜனவரி 2. அப்புறம் இந்த லாக் எதற்கு? இத்தனை வருஷமாகியும் இதை நினைத்தால் எரிச்சல்தான்.

காலாவதித் தேதியோ தங்கம். கீ இருந்தாலும் விடாது. "அக்கவுண்ட் காலாவதியாகிவிட்டது, அட்மினைத் தொடர்புகொள்ளவும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சிமுலேஷனைத் தொடாது. (லாகின் ஆகி உட்கார்ந்திருப்பவரையும் தொடாது. அவரை வெளியேற்ற, ஓடுவதை நிறுத்தும் பிகில் (pkill) கட்டளைதான்.) காலாவதித் தேதி வைக்கும் சேஜ் (chage) கட்டளையில் முன்கூட்டியே தேதி கொடுத்துவிட்டால், கான்ட்ராக்ட் பையன்களின் அக்கவுண்ட் தானாக மூடிக்கொள்ளும். அவர்கள் பெயரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் (cron) வேலைகளும் நின்றுவிடும் என்பதால், யார் பெயரில் பேக்கப் ஓடுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் 31 என்று தேதி போட்டால் 31ஆம் தேதி முழுக்க வேலை செய்யலாம் என்று நினைக்காதீர்கள். சிஸ்டம் நாள்களை யுடிசி (UTC) கணக்கில் எண்ணுகிறது; அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் ஊருக்கு 31 காலை 5.30க்கே கதவு மூடிவிடும். போன மாதம் ஷிஃப்ட் அட்மின் ஒரு கான்ட்ராக்ட் பையனுக்கு அவனுடைய கடைசி வேலை நாளையே அப்படியே அடித்துவிட்டார். காலை ஆறு மணிக்கு ஓசூர் பஸ்ஸிலிருந்து அவன் போன்: "அண்ணா, இன்னிக்கு வரைக்கும் எனக்கு டைம் இருக்குல்ல? டிராயிங்கை ஹேண்டோவர் பண்ணணும், உள்ள விட மாட்டேங்குது." ஒரு நாள் கூட்டி, அடுத்த மாதம் 1ஆம் தேதி என்று கொடுக்க வேண்டும்.

மார்க் கேட்டால் இன்றைய மனநிலையில் லாக்குக்கு பூஜ்யம், தங்கம் என்று சொன்ன தேதிக்கு ஐந்துக்கு இரண்டு. ஆனாலும் லீவில் போகிறவர்களுக்கு இரண்டையும் சேர்த்தேதான் போடுகிறேன். திரும்பி வரும்போது இரண்டையும் எடுக்க வேண்டும்: யூசர்மாட்டில் மைனஸ் பெரிய யூ (-U), சேஜில் தேதிக்குப் பதில் மைனஸ் 1. ஒன்றை மட்டும் எடுத்தால் திங்கட்கிழமை காலை மறுபடி போன் வரும்.