‘ஒரே டிக்கெட், நாலு ஊர்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் ‘பிரேக் ஜர்னி சார்ஜ்’, அதாவது வழியில் இறங்கி அதே டிக்கெட்டில் மறுபடி ஏறுவதற்கென்று ஒரு கட்டணமே கிடையாது. நான் அதை எங்கள் மூன்று பேருக்காக, ஆளுக்கு 500 ரூபாய் வீதம் ஒரு கடைக்காரரிடம் கொடுத்தவள். கொடுத்துவிட்டு நன்றியும் சொன்னேன்.

கடந்த ஆவணியில் அம்மாவையும் சித்தியையும் ராமேஸ்வரம் அழைத்துப் போனேன். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதிலிருந்து அம்மாவுக்கு இந்த ஆசை தள்ளிக்கொண்டே போனது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலத்தைத் திறந்தார்கள். அன்றே தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டியும் ஓடத் தொடங்கியது. அந்த வண்டி திருச்சி வழியாகப் போகாது. விழுப்புரம், சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று சுற்றிக்கொண்டு போகும். இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டதுமே அம்மா முடிவு செய்துவிட்டாள். தரிசிக்க முக்தி சிதம்பரம், பிறக்க முக்தி திருவாரூர். “பிறக்கத்தான் இல்ல, இறங்கியாவது பாத்துட்டுப் போவோம்” என்றாள். சித்திக்குக் காரைக்குடியில் பள்ளிக்காலத் தோழி இருக்கிறாள். சரி, இறங்கி இறங்கிப் போவோம் என்று முடிவானது.

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட் என்று எல்லாம் பார்க்கும் கடை ஒன்று உண்டு. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் வேண்டாம். நான்கு ஊருக்கு நான்கு டிக்கெட் போட்டுத் தரச் சொல்லித்தான் போனேன். கடைக்காரர் சிரித்தார்.

“எதுக்கு மேடம் தனித்தனியா? தாம்பரம் டூ ராமேஸ்வரம் ஒரே டிக்கெட். சிதம்பரத்துல இறங்குங்க, சாமி பாருங்க, ரெண்டு நாள் கழிச்சு அதே வண்டியில அதே பெர்த்துல ஏறுங்க. அடுத்து திருவாரூர், அடுத்து காரைக்குடி. பிரேக் ஜர்னின்னு பேரு. ரயில்வேயே குடுக்கறதுதான்.”

முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பிரேக் ஜர்னி என்பது உண்மையிலேயே இருக்கிறது. கடையில் நின்றபடியே செல்போனில் தேடினேன், முதல் வரியில் ‘வழியில் இறங்க அனுமதி உண்டு’ என்று வந்தது. அதற்குமேல் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டிய மிச்சம் இதுதான்: டிக்கெட்டின் தூரம் 500 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரு முறை இறங்கலாம், 1000-க்கு மேல் இருந்தால் இரண்டு முறை. அந்த முதல் இறக்கமும் புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் போன பிறகுதான். தங்குவது அதிகபட்சம் இரண்டு நாள், வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேராது. இறங்கிய ஸ்டேஷனில் டிக்கெட்டைக் காட்டிக் கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். ராஜ்தானி, சதாப்தி போன்ற வண்டிகளில் இந்த வசதியே இல்லை.

தாம்பரத்திலிருந்து சிதம்பரம் 220 கிலோமீட்டர்தான் இருக்கும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்தவர்கூட இந்த விதியை வைத்து மதுரையில் இறங்க முடியாது, எழும்பூரிலிருந்து மதுரை ஐந்நூறுக்குச் சற்று உள்ளேதான் வருகிறது. அப்புறம் இந்த விதி யாருக்குத்தான் என்று அம்மா பின்னால் கேட்டாள். டெல்லி, காசி என்று போகிறவர்களுக்கு அம்மா, நமக்கில்லை.

மொத்தம் 5,700 ரூபாய். போக வர டிக்கெட்டுக்கு 4,200, மிச்சம் நான் மேலே சொன்ன ‘சார்ஜ்’. இரண்டு தாள்கள் அச்சடித்துக் கொடுத்தார். இரண்டிலும் கட்டணம் இருக்கும் பகுதி வெட்டப்பட்டிருந்தது. “பிரின்டர் ஓரத்துல கட் ஆகுது மேடம்” என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையான ஸ்லீப்பர் கட்டணம் அவர் வாங்கியதில் பாதிகூட இல்லை என்பதைப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 20 ரூபாயும் ஏசிக்கு 40 ரூபாயும்தான் தன் கூலியாக வாங்கலாம். அவர் போடும் டிக்கெட்டில் அவருடைய ஏஜென்சியின் பெயரும் இருக்கும். என் தாளில் எந்தப் பெயரும் இல்லை. அதாவது ஏஜென்ட் ஐடியில் இல்லாமல், தன் சொந்த உபயோகத்துக்கான ஐடியில் போட்டு விற்றிருக்கிறார்.

முதல் நாள் எந்தக் குறையும் இல்லை. தாம்பரத்தில் மாலையில் ஏறினோம், பெர்த் சரியாக இருந்தது. இரவு ஒன்பதைத் தாண்டிச் சிதம்பரத்தில் இறங்கினோம். மறுநாள் காலை தரிசனம், நடை சாத்திய பிறகு சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் மறுபடி கோயில். அதற்கடுத்த நாள் பிச்சாவரத்தில் படகு. கடைக்காரரை இரண்டு முறை மனதுக்குள் வாழ்த்தினேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அன்று இரவு அதே வண்டியில், அதே பெட்டியில் ஏறினால் எங்கள் பெர்த்துகளில் வேறு ஆட்கள். கடலூரிலிருந்து வரும் ஒரு குடும்பம், குழந்தை தூங்கிவிட்டிருந்தது. நான் சண்டைக்குத் தயாரானேன். டிடிஆர் வந்தார், கையிலிருந்த கருவியில் எங்கள் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைப் போட்டார், நிமிர்ந்து அம்மாவைத்தான் பார்த்தார்.

“அம்மா, இது முந்தாநாள் டிக்கெட். நீங்க சிதம்பரத்துல இறங்கினதோட முடிஞ்சு போச்சு.”

பிரேக் ஜர்னி என்றேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை முன்பும் பார்த்திருக்கிறார் போல. தேதி முடிந்த டிக்கெட்டோடு ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் கணக்கு. கட்டணம் தனி, அதற்குமேல் ஆளுக்குக் குறைந்தது 250 ரூபாய். சிதம்பரத்தில் தங்கிய லாட்ஜ் ரசீதைக் காட்டியதால் அங்கிருந்து ஏறியதாகவே எழுதினார், இல்லாவிட்டால் தாம்பரத்திலிருந்து போட்டிருக்கலாம். ஆயிரத்துக்கு மேல் கட்டினோம். ரசீது கொடுத்தார். மயிலாடுதுறையில் இறங்கிக்கொள்ளச் சொன்னார். அறுபது வயது தாண்டிய இரண்டு பெண்கள் பெட்டியும் கையுமாக நடைபாதையில் நிற்க, எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாழ்நாளில் ஒரு பஸ்ஸில்கூடச் சீட்டு வாங்காமல் போனவளில்லை. “ஏண்டி, நம்மள வித்தவுட்டுன்னு எழுதிட்டாரா?” என்று மட்டும் கேட்டாள்.

மயிலாடுதுறை பிளாட்பாரத்தில் உட்கார்ந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்பும் டிக்கெட்டின் பிஎன்ஆரை ரயில்வேயின் 139 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். தாளில் பெட்டி எண்ணும் பெர்த் எண்ணும் அழகாக அச்சாகியிருக்கின்றன. பதிலில் வந்தது வெயிட்டிங் லிஸ்ட். மூன்று பேருக்கும். தாளைத் திருத்தி அச்சடித்திருக்கிறார்.

இந்த இடம்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. ஆன்லைனில் போட்ட டிக்கெட், பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாராகும்வரை முழு வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பி வரும். யாருக்கு? எந்தக் கணக்கிலிருந்து கட்டினார்களோ அதற்கு. அதாவது கடைக்காரருக்கு. நான் ரத்து செய்யலாம் என்றால் ஐடியும் பாஸ்வேர்டும் அவருடையவை. ரத்தானது எனக்குத் தெரியவும் வராது, ஏனென்றால் டிக்கெட்டில் கொடுத்திருந்த செல் நம்பரும் அவருடையதுதான். என்னிடம் கன்ஃபர்ம் டிக்கெட்டின் விலையை வாங்கி, வெயிட்டிங்கில் போட்டு, ரத்துப் பணத்தையும் எடுத்துக்கொள்வது. இதற்கு மூளை வேண்டும்தான். பிஎன்ஆரைச் சரிபார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். கடையில் அதைச் செய்யாதது என் தப்பு.

அன்றிரவே போன் செய்தேன். “அந்த டிடிஆருக்கு ரூல் தெரியல மேடம். ரிட்டர்ன் ஓடலைன்னா தட்கல்ல பதினொரு மணிக்குப் புடிச்சுடலாம்” என்றார். 2025 ஜூலை முதல் தட்கல் திறந்த முதல் அரைமணி நேரம் ஏஜென்ட்டுகள் போடவே முடியாது. ஏசிக்குப் பத்து முதல் பத்தரை, மற்றவற்றுக்குப் பதினொன்று முதல் பதினொன்றரை. பதினொரு மணிக்குப் பிடிப்பேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் எந்த ஐடியில் என்று கேளுங்கள்.

மிச்சப் பயணத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம். அதுதான் நன்றாகவும் இருந்தது. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூருக்குப் பாசஞ்சர், கமலாலயக் குளக்கரையில் ஒரு சாயங்காலம் முழுக்க. மறுநாள் திருவாரூரிலிருந்து காரைக்குடிக்கு. அந்தப் பாதையில் அகல ரயில் 2019-இல் ஓடத் தொடங்கியபோது கேட்கீப்பர் இல்லாததால் வண்டியிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு, கேட்டுக்குக் கேட்டு நிறுத்தி, இறங்கி மூடி, கடந்த பிறகு திறந்து, மறுபடி ஏறிக்கொண்டு போனார்கள் என்று எதிர் சீட்டுப் பெரியவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். காரைக்குடியிலிருந்து காலையில் வரும் திருச்சி–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் ஏறினோம். அதனால்தான் பாம்பனைப் பட்டப்பகலில் பார்க்க முடிந்தது. செங்குத்தாகத் தூக்கும் பகுதியை வண்டி மெதுவாகக் கடந்தபோது அம்மா இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வேடிக்கை: கடைக்காரர் திட்டப்படி போயிருந்தால் காரைக்குடியில் நள்ளிரவு தாண்டி இறங்கி, மறுபடி நள்ளிரவு தாண்டி ஏறியிருப்போம். கால அட்டவணையைக்கூட நான் பார்க்கவில்லை.

திரும்பும்போது மதுரை பாசஞ்சரில் வந்து, மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் உட்காரும் இருக்கை. மூன்று நாள் முன்னால் போட்டதால் இரண்டு சீட் ஒரு பெட்டியில், என்னுடையது வேறு பெட்டியில்.

இதே போல இறங்கி இறங்கிப் போக நினைக்கிறவர்களுக்கு: ஊருக்கு ஊர் தனி டிக்கெட்தான். பாசஞ்சர் தூரங்களுக்கு ஸ்டேஷனிலோ ரயில்வேயின் ரயில்ஒன் (RailOne) செயலியிலோ அன்றைக்கே எடுங்கள். 200 கிலோமீட்டருக்குக் குறைந்த அன்ரிசர்வ்டு டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அதன்பின் வரும் முதல் வண்டிக்குள் புறப்படத்தான் செல்லும், காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் ஏறாதீர்கள். ரிசர்வேஷன் வேண்டிய தூரத்துக்கு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. அதை உங்கள் ஐடியில், உங்கள் நம்பரில் போடுங்கள். ஒரு வண்டியிலிருந்து இறங்கி அன்றே இன்னொன்றில் ஏறுவதானால் இரண்டு பிஎன்ஆரையும் இணைத்து வையுங்கள். முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அதன் பணத்தைப் பிடித்தமில்லாமல் கேட்கலாம். 2019-லிருந்து இருக்கும் வசதி, யாரும் சொல்வதில்லை.

பெரிய சுற்றாக, கிளம்பிய ஊருக்கே திரும்பி வருவதாக இருந்தால் ‘சர்க்குலர் ஜர்னி டிக்கெட்’ என்று ஒன்று உண்மையாகவே உண்டு. எட்டு இடங்கள் வரை இறங்கலாம், தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். ஆன்லைனில் கிடையாது. வழித்தடத்தை எழுதிக் கொடுத்து ரயில்வே அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். தெருமுனைக் கடையில் விற்க மாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். ரசீது கேட்டேன், இல்லை என்றார். என்னிடம் ஜிபே விவரமும், ‘அதே பெர்த்துல ஏறுங்க’ என்று அவர் அனுப்பியிருந்த வாட்ஸாப் குரல் பதிவும் இருந்தன. சொந்த ஐடியில் போட்டு விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை உள்ளே வைக்கக்கூடிய குற்றம் என்று சொன்னதும் குரல் இறங்கியது. கல்லாவிலிருந்து 3,000 எடுத்துக் கொடுத்து, “நம்ம ஏரியா மேடம், பெருசு பண்ணாதீங்க” என்றார். வாங்கிக்கொண்டேன். மறுநாள் ரயில்வேயின் ‘ரயில் மதாத்’ (RailMadad) புகார் தளத்திலும் ரயில்வே பாதுகாப்புப் படையிடமும் (ஆர்பிஎஃப்) புகார் கொடுத்தேன். புகார் எண் வந்திருக்கிறது. ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள், இரண்டு தாளின் நகலையும் வாங்கிக்கொண்டார்கள்.

மீதி 2,700 இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன். டிடிஆர் கொடுத்த அபராத ரசீதை மட்டும் அம்மா தர மாட்டேன் என்கிறாள். பணம் கட்டிவிட்டோம் என்பதற்கு அத்தாட்சியாம், பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.