ஏலக்காய் ஸ்டோருக்கு எந்த வெப்ப ஸ்டிக்கர் வாங்கலாம்?

ஏலக்காயை உலர்த்த இரவு முழுக்க ஓடும் ஸ்டோரில் ப்ளோயர் மோட்டாரும் ஸ்டார்ட்டர் பாக்ஸும் சூடாகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் இந்த ஸ்டிக்கர். இதில் இரண்டு ரகம். ஒன்று, சூட்டில் நிறம் மாறி ஆறியதும் பழையபடி ஆகிவிடும். மற்றது, ஒருமுறை கறுத்தால் கறுத்ததுதான். குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஸ்டோர்களுக்கு இரண்டாவதையே வாங்குங்கள். நள்ளிரவில் ஏறி விடிவதற்குள் இறங்கிய சூட்டை முதல் ரகம் காட்டிக்கொடுக்காது. வெயில் பட்டால் சாயமும் வெளுக்கும்.

இரண்டாவது ரகம் என்பது கறுப்புத் தாள்மேல் மெழுகு போன்ற வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். குறித்த டிகிரியில் அது உருகித் தாளில் ஊற, அடியிலுள்ள கறுப்பு தெரிகிறது. பட்டையில் 60, 65, 71, 77, 82 என்று கட்டங்கள் இருக்கும். 71 வரை கறுத்து 77 வெள்ளையாக நின்றால், சூடு 71-ஐத் தொட்டது, 77-ஐ எட்டவில்லை.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டரில் கை வையுங்கள். மூன்று பேஸிலும் லக்குக்கு (வயர் நுனியில் ஸ்க்ரூவால் முடுக்கும் உலோக முனை) சற்றுப் பின்னால், இன்சுலேஷன்மேல் ஒட்டவும். சாதா பிவிசி வயர் தாங்குவது 70 டிகிரி. ஒரு பேஸ் மட்டும் கறுத்தால் பெரும்பாலும் லக் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இல்லையேல் ஸ்டார்ட்டருக்குள் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் முனை தீய்ந்திருக்கும். மூன்றும் சேர்ந்து கறுத்தால் லோடைப் பாருங்கள்.

மோட்டாரில் விசிறி மூடியை விட்டு, பாடியில் சமதளமான இடத்தில் ஒட்டவும். உள்ளே கம்பிச் சுற்றான காயிலின் சூடு பாடியைவிட எப்போதும் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

உலர்த்தும் அறைக்கு 49, 54, 60 கட்டமுள்ள பட்டை. தட்டுகளின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒட்டினால், எந்த மூலையில் காய் பச்சை மங்குகிறது, ஏன் என்று பிடிபடும். உச்சச் சூட்டை மட்டுமே காட்டும் என்பதால் தெர்மாமீட்டரும் வேண்டும்.

எண்ணெயோ தின்னரோ ஊறினாலும் கட்டம் கறுக்கும். 71 வெள்ளையாக இருக்க 77 கறுத்திருந்தால் அது பொய்க் கறுப்பு. மழைக்காலத்தில் ஈரத்தோடு ஒட்டினால் ஓரம் தூக்கி, சூட்டைக் குறைத்துக் காட்டும். குறைந்த டிகிரிப் பட்டையை ஜீப் டேஷ்போர்டில் வைத்தால் ஒட்டுமுன்பே பாழ்.

ஒருமுறைதான் பயன்படும் என்பது உண்மையான குறை. லக்கை முறுக்கியதும் புதுப் பட்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய கறுப்பா, புதுக் கறுப்பா என்று யாருக்கும் தெரியாது.